சீட்டில் எழுதியதே சட்டம்!

சீட்டாட்டம் என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது ரம்மியும் கழுதையும்தான். மொத்தம் 52 சீட்டு. விதிகளை ஒரே மாலையில் கற்றுக்கொண்டு விடலாம். தகராறு வந்தால், கூடி ஆடுபவர்களில் வயதில் மூத்தவர் ஒருவர் தீர்த்து வைப்பார். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை.

ஆனால் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைச் சீட்டுகள் கொண்ட ஆட்டம் ஒன்று உலகில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு சீட்டும் தன் தலையிலேயே ஒரு தனி விதியை எழுதிக்கொண்டு வருகிறது. "இந்தச் சீட்டும் அந்தச் சீட்டும் மோதினால் என்ன ஆகும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே பரீட்சை எழுதித் தேறிய நடுவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அந்த ஆட்டத்தின் பெயர் 'மேஜிக்: தி கேதரிங்'. சுருக்கமாக மேஜிக்.

குழந்தைகள் விளையாட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். 2020-ம் ஆண்டு பிப்ரவரியில் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரில் நடந்த மேஜிக் உலகப் போட்டியில் முதற்பரிசு 3 லட்சம் டாலர். இவ்வளவு பெரிய பணம் மேஜை மேல் இருக்கும்போது, ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது சின்ன விஷயம் அல்ல.

கணித ஆசிரியர் கண்ட ஆட்டம்

இதைக் கண்டுபிடித்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். வாஷிங்டன் மாநிலத்தில் விட்மன் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார்.

அவர் முதலில் வேறொரு பலகை ஆட்டத்தைத் தயாரித்து எடுத்துக்கொண்டு, 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' என்ற சிறு கம்பெனியின் அதிபர் பீட்டர் அட்கிசனிடம் போனார். அதை அச்சிடப் பணம் போதாது என்றார் அட்கிசன். "கையில் எடுத்துப் போகக்கூடியதாக, கொஞ்ச நேரத்தில் ஆடி முடிக்கக் கூடியதாக ஒன்று வேண்டும்" என்பது அவருடைய தேவை. அதிலிருந்து பிறந்ததுதான் மேஜிக். 1993-ம் ஆண்டு ஆகஸ்டில் கடைக்கு வந்தது. முதல் அச்சில் 295 வகைச் சீட்டுகள்.

இரண்டு மந்திரவாதிகள் சண்டையிடுவதாகப் பாவனை. ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள். நிலச் சீட்டுகளிலிருந்து சக்தி எடுத்து, அதை விலையாகக் கொடுத்து மந்திரங்களை ஏவ வேண்டும். பூதம், தேவதை, காட்டு மிருகம் போன்ற ஜீவன்களை வரவழைக்க வேண்டும். எதிராளியின் புள்ளிகளைப் பூஜ்யமாக்கினால் வெற்றி.

சீட்டுகள் மூடிய பொட்டலங்களில் விற்பனையாகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. தேவைப்படாததைக் கொடுத்து, தேவைப்பட்டதை நண்பர்களிடம் மாற்றிக் கொள்வார்கள். இப்படிச் சேர்த்ததிலிருந்து ஒவ்வொருவரும் சொந்தமாகக் கட்டு அமைத்துக்கொண்டு ஆட வருவார்கள். இன்றைய வழக்கமான போட்டிகளில் கட்டு குறைந்தது 60 சீட்டு. அடிப்படை நிலச் சீட்டு தவிர, ஒரே சீட்டு நான்குக்கு மேல் கூடாது.

இங்கேதான் தொல்லை பிறக்கிறது. எதிராளி கொண்டுவரும் சீட்டை நீங்கள் அதற்கு முன் பார்த்தே இருக்க மாட்டீர்கள். உங்கள் சீட்டும் அவர் சீட்டும் இதுவரை எந்த மேஜையிலும் சந்தித்தே இராது. ஆகவே கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஒரு சொல் செய்த குழப்பம்

ஆட்டம் அச்சேறுவதற்கு முன், நண்பர்களிடம் கொடுத்துச் சோதித்த நாட்களிலேயே இது தொடங்கிவிட்டது. ஒரு சோதனைச் சீட்டில் 'எதிராளி அடுத்த முறை இழப்பார்' என்ற பொருளில் எழுதியிருந்தது. எதிராளிக்கு ஆட வேண்டிய முறை ஒன்று போய்விடும் என்பதுதான் கருத்து. ஆனால் ஆடியவர் அதை வேறு விதமாகப் படித்தார்: "அடுத்த முறை வந்ததும் எதிராளி தோற்றுப் போவார்!" இப்படி ஒரு சீட்டு கையில் இருந்தால் பிறகு ஆட்டம் எதற்கு?

படித்தவர் மேல் தவறு இல்லை. எழுதிய வாசகம் இரண்டு அர்த்தத்துக்கும் இடம் கொடுத்தது. அச்சில் அந்தச் சீட்டு 'டைம் வாக்' என்ற பெயரில், 'இந்த முறைக்குப் பின் இன்னொரு முறை ஆடலாம்' என்ற பொருள்படும் வாசகத்தோடு வந்தது.

அச்சுப் பிழைகளும் இருந்தன. முதல் அச்சில் 'சைக்ளோபியன் டூம்ப்' என்ற சீட்டுக்கு விலையே போட மறந்துவிட்டார்கள். 'ஆர்கிஷ் ஓரிஃப்ளேம்' என்ற சீட்டில் விலை நான்குக்குப் பதில் இரண்டு என்று விழுந்துவிட்டது. எனவே ஒவ்வொரு சீட்டுக்கும் இன்று செல்லுபடியாகும் வாசகம் எது என்று கம்பெனி ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதற்கு 'ஆரக்கிள்' என்று பெயர். கையிலுள்ள பழைய சீட்டில் என்ன அச்சாகியிருந்தாலும், பதிவேட்டில் உள்ள வாசகமே செல்லும். பட்டாவில் பெயர் தப்பாக விழுந்தால் மூலப் பதிவைப் புரட்டிப் பார்ப்பது போலத்தான்.

முடியாது என்றால் முடியாது

மேஜிக்கின் முழு விதிப் புத்தகம் 250 பக்கத்துக்கும் மேற்பட்டது. ஆபீஸ் விதித் தொகுப்பு போலவே எண் போட்டு, உட்பிரிவு போட்டு எழுதப்பட்டிருக்கிறது. புதுச் சீட்டுகள் வரும்போதெல்லாம் திருத்தங்களும் வரும்.

அதில் 101-வது பிரிவு கேள்விக்குப் பதில் சொல்பவருக்கு ஆத்திசூடி மாதிரி. முதல் வாக்கியத்தின் சாரம் இது: பொது விதியும் சீட்டின் வாசகமும் முரண்பட்டால், சீட்டின் வாசகமே வெல்லும்.

அடுத்தது: ஒரு சீட்டு 'செய்யலாம்' என்கிறது, இன்னொன்று 'செய்ய முடியாது' என்கிறது, அப்போது 'முடியாது' என்பதே வெல்லும். உதாரணமாக, "இந்த முறை ஒரு நிலச் சீட்டைக் கூடுதலாக வைக்கலாம்" என்று உங்கள் சீட்டு சொல்கிறது. "இந்த முறை நிலச் சீட்டே வைக்க முடியாது" என்று எதிராளியின் சீட்டு சொல்கிறது. உங்களால் வைக்க முடியாது. எது பிந்தி வந்தது, எதற்கு விலை அதிகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மேலே இருப்பது முதலில்

அதிகமாகக் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, இரண்டு மந்திரங்களில் எது முதலில் நடக்கும் என்பது.

இருவரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். முதலாமவரிடம் பலம் 2, தாங்கும் சக்தி 2 உள்ள ஒரு கரடி. இரண்டாமவர் அதன் மேல் 'லைட்னிங் போல்ட்' என்ற மின்னலை ஏவுகிறார். அது 3 அடி அடிக்கும். கரடி செத்தது என்று நினைக்கும்போது, முதலாமவர் 'ஜயன்ட் குரோத்' என்ற மந்திரத்தைப் போடுகிறார். அது கரடியின் பலத்தையும் தாங்கும் சக்தியையும் அந்த முறை முடியும் வரை மும்மூன்று கூட்டும். "நான்தான் முதலில் போட்டேன்" என்கிறார் ஒருவர். "நானும் போட்டேனே" என்கிறார் மற்றவர்.

பதில் எளிது. மேஜை மேல் கோப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், கடைசியில் வைத்தது மேலே இருக்கும். அதையே முதலில் எடுப்போம். மந்திரங்களும் அப்படியே. பிந்திப் போட்ட வளர்ச்சி மந்திரம் முதலில் நடக்கிறது. கரடி 5-க்கு 5 ஆகிறது. பிறகு மின்னல் 3 அடிக்கிறது. கரடி பிழைத்துக்கொள்கிறது.

வரிசையைத் திருப்பிப் பார்ப்போம். முதலில் வளர்ச்சி மந்திரம் போடப்படுகிறது. அது நடப்பதற்குள் எதிராளி மின்னலை ஏவுகிறார். இப்போது மின்னல் முதலில் விழும். கரடி சாகும். வளர்ச்சி மந்திரம் வளர்க்க ஆளின்றி வீணாகும். அதே இரண்டு சீட்டு, அதே கரடி. வரிசை மட்டும் வேறு. ஆகவே நடுவர் கேட்கும் முதல் கேள்வி, "எது முதலில், எது பிறகு?" என்பதாகவே இருக்கும்.

இந்த 'அடுக்கு' முறை 1999-ம் ஆண்டில்தான் விதியாக வந்தது. அதற்கு முன் இருந்த ஏற்பாடு இதைவிடச் சிக்கலானது. பழைய விதி தெரிந்தவர்களால் வரும் சிரமமும் உண்டு. எடுத்த சக்தியைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் உயிர்ப்புள்ளி குறையும் என்ற விதி 2009-ம் ஆண்டில் நீக்கப்பட்டது. நடுவில் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர், "எனக்குத் தெரியாதா?" என்று அடித்துப் பேசுவது அந்த விதியை வைத்துத்தான். தெரியாதவரைவிட, பழையது தெரிந்தவருக்கே பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறி உண்டா, இல்லையா?

இன்னொரு கேள்வி. ஒருவரிடம் பெரிய பூதம் இருக்கிறது. எதிராளியின் மந்திரம் எதுவும் அதைக் குறிவைக்க முடியாது என்பது அதன் சிறப்பு. எதிராளி 'ராத் ஆஃப் காட்' என்ற சீட்டைப் போடுகிறார். தெய்வ கோபம் என்று பொருள். மேஜையிலுள்ள ஜீவன்கள் எல்லாம் அழிகின்றன. பூதமும் சாகிறது. "குறிவைக்க முடியாது என்று எழுதியிருக்கிறதே!" என்று சொந்தக்காரர் கொதிக்கிறார்.

நடுவர் அந்தச் சீட்டை மறுபடி வாசிக்கச் சொல்வார். 'எல்லா ஜீவன்களையும் அழி' என்றுதான் அதில் இருக்கிறது. 'குறி' என்ற சொல் எங்கும் இல்லை. அந்தச் சொல் இல்லாததால் இந்தச் சீட்டு யாரையும் குறிவைப்பதில்லை. மழை பெய்தால் தெருவே நனைகிறது. யாரையும் பார்த்துப் பெய்வதில்லை. பூதத்தின் கவசம் உண்மைதான். ஆனால் இந்த அடிக்கு அது கவசம் அல்ல.

மற்றொருவர் கேட்பார்: "பூகம்பச் சீட்டைப் போட்டேன். இருவருக்கும் ஒரே அடி. இருவர் புள்ளியும் ஒரே நேரத்தில் பூஜ்யமாயிற்று. போட்டவன் நான், நான்தானே ஜெயித்தேன்?" இல்லை. இருவரும் சேர்ந்து தோற்றால் ஆட்டம் சமன்.

சொல்லக் கூடாத பதில்

போட்டியில் சந்தேகம் வந்தால் ஆட்டக்காரர் கையைத் தூக்கி, "ஜட்ஜ்!" என்று உரக்கக் கூப்பிடுவார். நடுவர் வருவார். இருவர் சொல்வதையும் கேட்பார். சீட்டைப் பார்ப்பார். தேவைப்பட்டால் பதிவேட்டைப் புரட்டுவார்; அதில் வெட்கம் எதுவும் இல்லை. கேள்வியே தன் கையிலுள்ள ரகசியத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஆட்டக்காரர் நினைத்தால், மேஜையை விட்டுத் தள்ளிப் போய்த் தனியாகக் கேட்கலாம். பதில் சொல்ல நேரமாகிவிட்டால், அந்த நேரம் ஆட்டத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும். பெரிய போட்டிகளில் தீர்ப்பு சரியில்லை என்று தோன்றினால் தலைமை நடுவரிடம் அப்பீல் உண்டு. அவர் சொல்வது முடிவு. நடுவரிடம் பொய் சொன்னவர் போட்டியிலிருந்தே வெளியேற்றப்படுவார்.

நடுவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. "இந்தச் சீட்டு என்ன செய்யும்?" என்று கேட்டால் பதில் சொல்லலாம். "இதை இப்போது போடலாமா, வைத்திருக்கலாமா?" என்று கேட்டால் பதில் சொல்லக் கூடாது. முன்னது விதி, பின்னது யோசனை. யோசனை சொன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் துரோகம். கரடி பிழைக்க இன்னொரு வழி இருக்கிறது என்று நடுவர் கண்ணுக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டார். பதில் தெரிந்தும் கேட்டதற்கு மேல் சொல்லாமல் இருப்பதுதான் இந்த வேலையின் கடினமான பாதி.

டப்ளினில் ஒரு சொல்

2017-ம் ஆண்டு பிப்ரவரியில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பெரிய போட்டி நடந்தது. ஓர் ஆட்டக்காரர் தன் முறையில் "சண்டை" என்ற ஒரே சொல்லைச் சொன்னார். சண்டை தொடங்கும் நொடியில் தன்னுடைய வண்டிச் சீட்டுக்கு ஆள் ஏற்றி அதை ஓட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஆனால் அன்றைய போட்டி விதிப்படி, அந்தச் சொல்லைச் சொன்னவர் தொடக்க நொடியைத் தாண்டி, யார் யார் தாக்குகிறார்கள் என்று அறிவிக்கும் கட்டத்துக்கே போய்விட்டார் என்று கொள்ள வேண்டும். நேரம் கடந்துவிட்டது என்பது தீர்ப்பு. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

பார்த்தவர்களில் பலருக்கு மனம் ஒப்பவில்லை. அவர் என்ன செய்ய நினைத்தார் என்பது தெரிந்த விஷயம்தானே என்றார்கள். ஆயினும் நடுவர்கள் எழுதியிருந்த விதியையே படித்தார்கள். விதி பொருந்தவில்லை என்ற குரல் வலுத்தது. அதே ஆண்டில் அந்த விதி திருத்தப்பட்டது. அதன் பிறகு "சண்டை" என்று சொல்பவர் தொடக்க நொடியிலேயே நிற்கிறார். தன் வேலையைச் செய்துகொள்ளலாம்.

விதி தவறு என்றால் அதை மாற்ற ஒரு வழி இருக்கிறது. அந்த வழி ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறது. மேஜைக்கு மேஜை இரக்கப்பட்டு நடுவர் விதியை வளைத்தால், அடுத்த மேஜைக்காரர் எதை நம்பி ஆடுவார்?

வேலையா, தொண்டா?

இவ்வளவு பொறுப்புள்ள நடுவருக்குச் சம்பளம் உண்டா? சீட்டுப் பொட்டலங்களை ஊதியமாக வாங்கிக்கொண்டு நாள் முழுக்க நின்றவர்கள் பலர். ஆட்டத்தின் மேல் கொண்ட ஆசைதான் காரணம். 2016-ம் ஆண்டில் அமெரிக்காவில் சில நடுவர்கள் கம்பெனி மேல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடர்ந்தார்கள். தாங்கள் தொண்டர்கள் அல்ல, தொழிலாளர்கள். சட்டப்படி கூலி வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

2019-ம் ஆண்டில் நடுவர்களுக்குத் தகுதிச் சான்று வழங்கும் பொறுப்பைக் கம்பெனி கைவிட்டது. வேறொரு நிறுவனம் சந்தா வாங்கிக்கொண்டு அதை நடத்தியது. சில ஆண்டுகளில் அதுவும் மூடப்பட்டது. பிறகு நடுவர்களே பிரதேசவாரியாகத் தங்கள் அமைப்புகளை ஏற்படுத்திக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு விதி சொன்னவர்கள் தங்கள் வேலைக்கான விதியைத் தேடி அலைய வேண்டியிருந்தது.

மெஷினால் முடியுமா?

கம்ப்யூட்டரில் ஆடும் மேஜிக்கும் இருக்கிறது. அதில் விதிகளை மெஷினே பார்த்துக்கொள்கிறது. அப்படியானால் மனிதர் எதற்கு? இரண்டு செய்திகளைப் பார்க்கலாம்.

முதலாவது, பல ஆண்டுகள் நடுவர்களைத் தூங்கவிடாத ஒரு ஜோடி. 'ஹ்யூமிலிட்டி' என்ற சீட்டு எல்லா ஜீவன்களின் திறமைகளையும் பறித்து, ஒவ்வொன்றையும் 1-க்கு 1 ஆக்கிவிடும். 'ஓபலசென்ஸ்' என்ற சீட்டு, தன்னைத் தவிர மேஜையிலுள்ள நிலை மந்திரங்களை ஜீவன்களாக்கி, விலை எவ்வளவோ அவ்வளவு பலம் கொடுக்கும். வேறு சீட்டின் மேல் ஒட்டும் மந்திரங்கள் மட்டும் விலக்கு. ஹ்யூமிலிட்டியும் ஒரு நிலை மந்திரம், விலை 4. இரண்டும் சேர்ந்தால் ஹ்யூமிலிட்டியே ஜீவனாகித் தன் திறமையைத் தானே பறித்துக்கொள்கிறது. திறமை போன பின் எப்படிப் பறிக்கும்? பறிக்காவிட்டால் திறமை எப்படிப் போகும்?

விடை 613-வது பிரிவில் இருக்கிறது. விளைவுகளை ஏழு படிகளாகப் பிரித்து, வரிசையாகக் கணக்கிட வேண்டும். ஜீவனாக மாறுவது 4-வது படி. திறமை இழப்பது 6-வது படி. பலம் குறிப்பது 7-வது படி. ஒரு படியில் வேலையைத் தொடங்கிய விளைவு, நடுவில் தன் திறமையை இழந்தாலும் கடைசி வரை தொடரும். ஆகவே ஹ்யூமிலிட்டி தன் திறமையை இழந்த பின்னும் வேலையை முடிக்கிறது. 7-வது படியில் இரண்டு சீட்டுகளில் பிந்தி வந்தது எதுவோ அதன் சொல் நிற்கும். ஓபலசென்ஸ் பிந்தி வந்திருந்தால் ஹ்யூமிலிட்டி 4-க்கு 4. ஹ்யூமிலிட்டி பிந்தி வந்திருந்தால் 1-க்கு 1.

இரண்டாவது செய்தி இன்னும் வியப்பானது. 2019-ம் ஆண்டில் அலெக்ஸ் சர்ச்சில், ஸ்டெல்லா பிடர்மன், ஆஸ்டின் ஹெரிக் என்ற மூவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். மேஜிக் சீட்டுகளைக் குறிப்பிட்ட விதமாக மேஜையில் அடுக்கினால், அவையே ஒரு கம்ப்யூட்டர் போல எந்தக் கணக்கையும் செய்யும் என்று நிரூபித்தார்கள். அதிலிருந்து வரும் முடிவு: எந்த நிலைமையைக் கொடுத்தாலும் இந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொல்லும் பொதுவான கணக்கு முறை இருக்கவே முடியாது. மெஷின் எவ்வளவு பெரிதானாலும் இது மாறாது.

ஆனால் நடுவரிடம் யாரும் "கடைசியில் யார் ஜெயிப்பார்?" என்று கேட்பதில்லை. "இந்தச் சீட்டு இப்போது என்ன செய்யும்?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் உண்டு. சீட்டை நிதானமாகப் படித்தால் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

வெளியூரில் உத்தியோகம் பார்ப்பவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். தெரியாத ஊரில், தெரியாத ஆளின் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நமக்கு ஆதரவு சொல்ல மாமன் மச்சான் கிடையாது. எழுதி வைத்த விதியும், அதை ஆளுக்கு ஆள் மாற்றாமல் படித்துச் சொல்ல ஒரு மனிதரும் இருந்தால் போதும். கையைத் தூக்கிக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.